முப்பது சன்னலுக்கு ஒரு ரிக் வண்டி

1. ஆணி பிடுங்கும் வேலை

சம்பூர்ணம் அக்காவின் யார்டில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று என் கையில் ஒரு கடப்பாரையும் ஒரு கொறடும் கொடுத்தார்கள்.

"அந்தக் குமியில கெடக்கற சன்னல்ல பூராவும் ஆணியப் புடுங்கிருங்க. பொறவு மத்ததப் பேசிக்கலாம்" என்றார் அக்கா. அவருக்கு என்னைவிட நாலைந்து வயது குறைவுதான். ஆனால் அந்த யார்டில் எல்லோருக்கும் அவர் அக்கா. நானும் முதல் நாளே அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

யார்டு மல்லசமுத்திரத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் ரோட்டோரம் இருக்கிறது. இடிக்கப்போகும் வீட்டை மொத்தமாகப் பேசி வாங்கி, கதவு, நிலை, உத்திரம், ஓடு, இரும்பு என்று பிரித்து விற்பது அக்காவின் தொழில். நான் அதற்கு முன்னால் இருபது வருடத்துக்கு மேல் போர்வெல் ரிக்கில் டிரில்லர். ராஜஸ்தானிலிருந்து ஒடிசா வரைக்கும் துளை போட்டிருக்கிறேன். கம்ப்ரசர் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது. "இன்னும் ரெண்டு வருசம் வண்டியில நின்னா மிச்சமிருக்கறதும் போயிரும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஐம்பத்து மூன்று வயதில், பூமியில் ஓட்டை போடுவதைத் தவிர வேறொன்றும் தெரியாத ஆள், ஆணி பிடுங்க வந்து நின்றேன். அந்த வேலையும் நிலைக்குமா என்று பயமாகத்தான் இருந்தது. யார்டில் எனக்குக் கொடுத்த டெம்போ ஓட்டுவதும் ஆணி பிடுங்குவதும் யார் வேண்டுமானாலும் செய்கிற வேலை.

கதவுகள் வந்த வேகத்தில் விற்றுவிடும். சன்னல்கள்தான் தேங்கும். புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் அலுமினியத்துக்கும் யூபிவிசிக்கும் போய்விட்டார்கள். மழையில் நனைந்து வெயிலில் காய்ந்து கிடக்கும் சன்னல்களைக் கடைசியில் மோகனூர்ப் பக்கம் வெல்லம் காய்ச்சுகிறவர்கள் அடுப்புக்கு எடை போட்டு எடுத்துப் போவார்கள். நான் ஆணி பிடுங்கியதும் அதற்காகத்தான்.

எல்லாம் மாறியது ஒரு ஈரத் துண்டால்.

குமாரபாளையத்திலிருந்து பூங்கொடி என்று ஒரு அம்மா காரில் வந்தார். பெட்ஷீட், துண்டு தயாரிக்கிற குடும்பம். சொந்தமாக ஷோரூம் திறக்கப்போகிறார், வாசலுக்குப் பழைய கதவு ஒன்று வேண்டும் என்று வந்திருந்தார். அக்கா கதவுகளைக் காட்டிக்கொண்டிருந்தபோது, யார்டில் வேலை பார்க்கும் ராசாத்தி முகம் கழுவிவிட்டுத் தன் துண்டை ஒரு சன்னல் கம்பியில் காயப் போட்டாள். அந்தச் சன்னல் குமியில் பக்கவாட்டில் சாய்ந்து கிடந்தது. அதனால் நெட்டுக்குத்தாக இருக்க வேண்டிய கம்பிகள் படுக்கை வசமாக இருந்தன.

பூங்கொடியம்மா பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு அதையே பார்த்தார்.

"ஏனுங்க, அந்தத் துண்டு..."

ராசாத்தி பதறிப்போனாள். "எடுத்தர்றேனுங்க, எடுத்தர்றேனுங்க."

"ஐயோ, எடுக்காதீங்க! அப்பிடியே இருக்கட்டும்!"

அவர் கிட்டப் போய்ப் பார்த்தார். பின்னால் நகர்ந்து பார்த்தார். அப்புறம் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டார். "எனக்குக் கதவு வேண்டாமுங்க. சன்னல் வேணும். செவுரு முழுக்க சன்னல். சிலது நேரா நிக்கோணும், சிலது படுத்திருக்கோணும். கம்பியில துண்டு தொங்கோணும். சிலதுக்கு உள்ளார கண்ணாடி, சிலதுக்குப் பலகை போட்டு அடுக்கு. கதவு தொறந்திருந்தா அது மேல பெட்ஷீட்டு. எப்பிடி இருக்கும் சொல்லுங்க!"

எனக்குப் பாதிதான் காதில் விழுந்தது. ஆனால் அந்த முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்தது. ராஜஸ்தானில் நானூறு அடிக்குக் கீழே தண்ணீர் பீறிட்டபோது தோட்டக்காரர் முகத்தில் அப்படியொரு வெளிச்சத்தைப் பார்த்திருக்கிறேன்.

ஜலகண்டாபுரத்தில் ஒரு பழைய தறிக்கார வியாபாரியின் வீட்டை அக்கா அப்போதுதான் வாங்கியிருந்தார். ஒரே அளவில் முப்பது சன்னல்கள் இருந்தன. எல்லாவற்றிலும் பச்சைப் பெயிண்ட். பூங்கொடியம்மா அந்த முப்பதையும் கேட்டார். ஒரே நிபந்தனை, பச்சை போக வேண்டும். மர நிறம் தெரிய வேண்டும்.

"தேக்குங்களா?"

"தேக்குத்தானுங்க" என்றார் அக்கா. "ஊட்டுக்காரரும் அப்பிடித்தான் சொன்னாரு. எங்க கனகராஜும் ரெண்டச் சொரண்டிப் பாத்துட்டான்."

கனகராஜ் யார்டின் தச்சர். அவனும் தலையாட்டினான். அட்வான்ஸ் கைமாறியது. ஆவணி முதல் முகூர்த்தத்தில் திறப்பு. அப்போது ஆடி பிறந்திருந்தது.

2. பச்சை

அந்தப் பச்சைப் பெயிண்டைப் பற்றித் தனியாக ஒரு புத்தகம் எழுதலாம். ஒவ்வொரு பொங்கலுக்கும் அடித்திருப்பார்கள் போல. தகடு வைத்துச் சுரண்டினால் மேல் பச்சை உரியும், கீழே வேறொரு பச்சை. அதற்கும் கீழே நீலம். நீலத்துக்குக் கீழே மறுபடியும் பச்சை. கனகராஜ், ராசாத்தி, இன்னும் மூன்று பெண்கள், நான் என்று ஆறு பேர் உட்கார்ந்து சுரண்டியும், ஒரு வாரம் முடிந்தபோது மூன்று சன்னல்தான் தேறியது. அதிலும் கம்பி நுழைகிற மூலையில், கீல் இருக்கிற பள்ளத்தில், கதவின் சின்னச் சின்ன வேலைப்பாட்டில் பச்சை பிடிவாதமாக உட்கார்ந்திருந்தது.

ஹீட் கன் வாங்கி, ஒரு உடைந்த சன்னல் கதவில் பிடித்துப் பார்த்தோம். பெயிண்ட் குமிழ் விட்டு உரிந்தது. கூடவே மரமும் கருகியது. காஸ்டிக் சோடா கரைத்து அதே கதவில் ஊற்றிப் பார்த்தோம். அது பெயிண்டைக் கரைத்தது, மரத்தையும் கறுப்பாக்கியது. கையுறை கிழிந்திருந்ததைக் கவனிக்காமல் வேலை செய்த ராசாத்தியின் இரண்டு விரல்கள் வெந்துபோயின. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்க் கட்டுப் போட்டு வந்த பிறகு அக்கா சோடா டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தார்.

"இனி இந்தச் சனியன் இந்த யார்டுக்குள்ள வரக்கூடாது. சன்னல் போனாப் போகுது. கை போச்சுன்னா நான் யாருக்குப் பதில் சொல்றது?"

அக்கா மறுபடியும் சொன்னார். "பூங்கொடியம்மாவுக்குச் சொல்லிரலாம். அட்வான்ஸத் திருப்பிக் குடுத்துரலாம். அவுங்க கோயமுத்தூர்ல ஆள் வெச்சுச் செஞ்சுக்குவாங்க."

யார்டில் இத்தனை நாளும் உடைப்பதும் பிரிப்பதும் எடை போடுவதும்தான் வேலை. முதல் முறையாக ஒன்றைச் செய்து கொடுக்கப் போகிறோம் என்று அந்தப் பெண்கள் ஒரு வாரமாகச் சிரித்துக்கொண்டே சுரண்டினார்கள். விரலில் கட்டோடு ராசாத்தியே சொன்னாள், "எனக்கு ஒண்ணுமில்லீங்க்கா. சன்னல வுட்றாதீங்க்கா."

அப்போது எதையும் யோசிக்காமல் என் வாயிலிருந்து வந்தது. "அக்கா, காத்தடிச்சுப் பாக்கலாமுங்களா?"

"காத்தா?"

"கம்ப்ரசர் காத்துங்க. ரிக்கில துருப்புடிச்ச ராடெல்லாம் மணலக் கலந்து காத்தடிச்சுத்தான் சுத்தம் பண்ணுவாங்க. பளபளன்னு ஆயிரும்."

அக்கா என் பக்கம் திரும்பினார். "நல்லமுத்தண்ணா, இத ஏன் ஒரு வாரம் கழிச்சுச் சொல்றீங்க?"

3. சன்னலுக்கு ரிக்கா?

வடக்கே மழை பிடித்துவிட்டால் ரிக் வண்டிகள் ஊர் திரும்பிவிடும். ஆடி மாதத்தில் திருச்செங்கோட்டைச் சுற்றிலும் எந்த ஷெட்டைப் பார்த்தாலும் இரண்டு வண்டி நிற்கும். என் பழைய முதலாளியின் வண்டியும் நின்றது. போய்க் கேட்டேன்.

அவர் கட்டிலில் படுத்துப் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நான் சொல்லி முடித்ததும் எழுந்து உட்கார்ந்தார்.

"ஏப்பா நல்லமுத்து, ஆயிரம் அடி போட்ட வண்டிப்பா அது. அதக் கொண்டுபோயி சன்னல் தொடைக்கறங்கற?"

"ஆமாங்க முதலாளி."

"டீசலு?"

"அக்கா போட்டுக்கறாங்களாமா."

அவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார். "நானும் வாரேன். இத நான் பாக்காம யாரு பாக்கறது?"

வண்டி யார்டுக்குள் நுழைந்ததும் ரோட்டில் போனவர்கள் எல்லாம் நின்றுவிட்டார்கள். ரிக் வந்தால் எங்கள் பக்கம் கூட்டம் சேரும், அது வழக்கம். சம்பூர்ணம் போர் போடுகிறார் என்று செய்தி பரவிவிட்டது. ஒரு பெரியவர் கையில் தேங்காயோடு வந்தார். "எந்த மூலையில பாயிண்டு பாத்திருக்கீங்க?" என்று கேட்டார். அக்கா சிரிப்பை அடக்கிக்கொண்டு, "தண்ணிக்கில்லீங்கய்யா, சன்னலுக்கு" என்றார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. வந்ததற்குத் தேங்காயை உடைத்துவிட்டு, அங்கேயே நின்று வேடிக்கை பார்த்தார்.

ரிக் கம்ப்ரசரின் காற்றை நேராக விட்டால் சன்னல் சேலத்தில் போய்த்தான் விழும். அதனால் நடுவில் ஒரு ரெகுலேட்டர் போட்டு, வேண்டாத காற்றை இன்னொரு வால்வு வழியாக வெளியே விட்டேன். அடிக்கிற கன்னை நானே செய்தேன். ஒரு டி பைப்பில் முன்பக்கம் சின்ன நாசில், பக்கத்தில் வாளிக்குள் போகிற ஒரு குழாய். காற்று வேகமாகப் போகும்போது வாளியில் இருப்பதை உறிஞ்சி முன்னால் அடிக்கும். அவ்வளவுதான் தத்துவம். வெல்டிங் கடையில் அரை நாளில் முடிந்தது. நாலு பக்கமும் தார்ப்பாய் கட்டினோம். பழைய பெயிண்டில் ஈயம் இருக்கலாம் என்று பெயிண்ட் கடைக்காரர் எச்சரித்திருந்தார். அதனால் மூக்குக்கு நல்ல மாஸ்க், கண்ணுக்குக் கண்ணாடி, காதுக்கு மூடி என்று எல்லாம் மாட்டிக்கொண்டு உள்ளே போனேன். இருபது வருடம் போட்டிருக்க வேண்டிய காது மூடியை அன்றைக்குத்தான் ஒழுங்காகப் போட்டேன்.

பூங்கொடியம்மாவின் சன்னலில் கை வைக்கவில்லை. அதே வீட்டிலிருந்து வந்து அடுப்புக்குப் போக இருந்த ஒரு உடைந்த சன்னல் நிலையைத்தான் முதலில் எடுத்தேன். மணல் அடித்தேன். கண் இமைக்கும் நேரத்தில் பச்சை போனது. நான் கத்தப்போனேன். கிட்டத்தில் போய்ப் பார்த்தால் மரமும் போயிருந்தது. ரேகைக்கு நடுவே இருக்கிற மெத்தென்ற பகுதியை எல்லாம் மணல் தின்றுவிட்டு, எலும்பும் தோலுமாக விட்டிருந்தது.

"இது சன்னலா, நண்டு ஓடா?" என்றார் முதலாளி.

காற்றைக் குறைத்துப் பார்த்தேன். அப்போதும் மணல் மரத்தைத் தின்றது. மெத்தென்ற பொருளாக இருந்தால் சரிவரும் என்று தோன்றியது. அரிசி மில்லில் உமி வாங்கி வந்தோம். அது தலையணையால் அடித்த மாதிரி போய் விழுந்தது, பெயிண்ட் அசையவே இல்லை. நிலக்கடலைத் தொப்பியை, மேல் ஓட்டைத்தான், பொடித்துப் போட்டேன். நாசில் அடைத்துக்கொண்டது. அதைக் கழற்றித் தட்டி மாட்டினால் மறுபடியும் அடைத்துக்கொண்டது. ஆடிக் காற்று வேறு தார்ப்பாயைப் பிய்த்துக்கொண்டு போனது. கூட்டம் கலைந்துவிட்டது. முதலாளி மட்டும் உற்சாகம் குறையாமல் நின்றார். "வண்டி இங்கயே நிக்கட்டும். மழை முடியற வரைக்கும் எனக்கும் சோலி இல்ல. ரோசன பண்ணு" என்று சொல்லிவிட்டுப் போனார்.

4. பால் சட்டி

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நாமக்கல் பக்கம் தோட்டத்தில் இருக்கும் என் தங்கச்சி வீட்டுக்கு ஒரு விசேஷத்துக்குப் போயிருந்தேன். அங்கே போயும் மனம் உமியிலும் நிலக்கடலையிலும்தான் இருந்தது.

தங்கச்சி பால் அடிப்பிடித்த அலுமினியச் சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கையில் தேங்காய் நாரைக் காணோம். மக்காச்சோளத்தில் முத்து உதிர்த்த பிறகு மிஞ்சும் கதிர்ச் சக்கையைப் பாதியாக ஒடித்துத் தேய்த்தாள். கருகல் கொத்தாக உதிர்ந்தது. சட்டியில் ஒரு கீறல் இல்லை.

நான் சட்டியைப் பிடுங்கினேன்.

"அண்ணா, என்னாச்சுங்ணா?"

"இந்தச் சக்கை எங்க இருக்குது?"

"இதென்ன கேள்வி? வாசல்ல மலையாட்டம் குமிச்சுக் கெடக்குது பாருங்க."

கோழித் தீவனத்துக்காக மக்காச்சோளம் போடுகிற ஊர் அது. களத்தில் என் உயரத்துக்குச் சக்கை குவிந்து கிடந்தது. மாட்டுத் தீவனம் அரைக்கும் பல்வரைசர் மிஷின் ஒன்று தங்கச்சி மாப்பிள்ளையிடம் இருந்தது. நல்ல வேட்டி கட்டியிருந்ததையும் பார்க்காமல் சக்கையை அள்ளிப் போட்டு அரைக்க ஆரம்பித்தேன். மாப்பிள்ளை ஓடி வந்தார்.

"ஏனுங் மச்சான், பந்தியில எல போட்டாச்சு. இங்க என்ன பண்றீங்க?"

"சித்தெ இருங்க மாப்ள. ரவை பதத்துக்கு வரோணும்."

மாவாகப் போனதைச் சலித்துத் தள்ளி, ரவையாக நின்றதை இரண்டு சாக்கில் கட்டி, பந்தியில் அரை வயிற்றுக்குச் சாப்பிட்டுவிட்டு, அன்று மாலையே யார்டுக்கு வந்துவிட்டேன். அக்காவுக்குப் போன் போட்டேன். முதலாளிக்கும் போட்டேன். இரண்டு பேரும் எனக்கு முன்னால் வந்து நின்றார்கள். பக்கத்திலேயே வீடு என்பதால் ராசாத்தியும் வந்துவிட்டாள்.

உடைந்த நிலையின் இன்னொரு பக்கத்தை எடுத்து வைத்தேன். முதலாளி வண்டியை ஸ்டார்ட் செய்தார். வாளியில் சக்கை ரவை. கன்னைப் பிடித்து, மேலிருந்து கீழே ஒரு கோடு இழுத்தேன்.

பச்சை போனது. நீலம் போனது. அடியில் இருந்த பச்சையும் போனது. மரம் அப்படியே இருந்தது. ரேகை, முடிச்சு, தச்சன் அந்தக் காலத்தில் பென்சிலால் போட்ட குறி முதற்கொண்டு அழியாமல் இருந்தது. கையால் தடவிப் பார்த்தேன். வழவழவென்று இருந்தது.

நான் மாஸ்க்கைக் கழற்றிவிட்டுக் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எனக்கே நினைவில்லை. ரிக்கில் தண்ணீர் வந்தால் கத்துவோமே, அதைத்தான் கத்தியிருப்பேன். முதலாளி வண்டியை நிறுத்த மறந்து ஓடி வந்து என்னைத் தூக்கினார். அவர் எண்பது கிலோ, நான் அறுபது. அக்கா மரத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். "சோளச் சக்கைங்களா? நெசமாலுமே சோளச் சக்கைங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். ராசாத்தி கட்டுப் போட்ட கையாலேயே கைதட்டினாள்.

அடுத்த வாரம் முழுக்க எங்களுக்குத் திருவிழாதான். நான் அடிப்பேன். பெண்கள் கீல், கொண்டி, கம்பி எல்லாவற்றையும் துடைத்து எண்ணெய் போடுவார்கள். கீழே விழுகிற பெயிண்ட் கலந்த தூளைச் சாக்கில் கட்டித் தனியாக வைத்தோம், மாடு கோழி வாய் வைத்துவிடக் கூடாது என்று. மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். "இன்னொண்ணு முடிச்சுட்டு" என்பார்கள்.

5. பாதிதான் தேக்கு

முன்வரிசையில் அடுக்கியிருந்த சன்னல்கள் எல்லாம் தேன் நிறத்தில் வந்தன. தேக்கு. பின்வரிசைக்கு வந்தபோது ஒன்று சிவப்பாக வந்தது. நான் கனகராஜைக் கூப்பிட்டேன். அவன் மோந்து பார்த்தான், இழைத்துப் பார்த்தான்.

"வேம்புங்ணா."

அடுத்ததும் வேம்பு. அதற்கடுத்தது அடர்ந்த பழுப்பில் வந்தது, வாகை. இரண்டு பூவரசு. முப்பதையும் முடித்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேலேதான் தேக்கு இருந்தது. அந்தக் காலத்தில் வீட்டைக் கட்டியவர் முன்கட்டை மட்டும் தேக்கில் கட்டிவிட்டு, பின்கட்டைக் கட்டும்போது கிடைத்த மரத்தைப் போட்டிருக்கிறார். மேலே பச்சை அடித்ததும் எல்லாம் ஒன்றாகிவிட்டது. அக்காவிடம் விற்றவருக்கும் அது தெரிந்திருக்காது.

எங்கள் சந்தோஷமெல்லாம் வடிந்துவிட்டது. திறப்புக்கு அதிக நாள் இல்லை. கனகராஜ் மெதுவாகச் சொன்னான். "அக்கா, ஒரு தேக்கு ஸ்டெயின் அடிச்சா ஒரே நெறமாயிரும். யாருக்கும் தெரியாது."

அக்கா அவனைப் பார்க்கவே இல்லை. போனை எடுத்தார். "அம்மா, சம்பூர்ணம் பேசறேனுங்க. நான் தேக்குன்னு சொன்னேன். உரிச்சுப் பாத்தா பாதி வேற மரம். நீங்க ஒருக்கா நேர்ல வாங்க. பாத்துட்டு என்ன சொல்றீங்களோ அதுதானுங்க."

பூங்கொடியம்மா மதியமே வந்தார். முகம் இறுகிப் போயிருந்தது. "தேக்குன்னுதானுங்க சொன்னீங்க? பத்திரிகையெல்லாம் குடுத்தாச்சு. இப்ப நான் எங்க போறது?"

"சொன்னது தப்புத்தானுங்க. பச்சைக்கு அடியில என்ன இருக்குன்னு தெரியாமச் சொல்லிட்டேன். வேண்டாம்ன்னா முப்பதும் இங்கயே இருக்கட்டும். உங்க பணம் உங்களுக்கு."

நான் தள்ளி நின்றேன். இந்த ஆர்டர் போனால் முதலாளி வண்டியை எடுத்துப் போய்விடுவார், நான் மறுபடியும் கடப்பாரையைப் பிடிக்க வேண்டும். அதுகூடப் பரவாயில்லை. அந்தச் சன்னல்கள் ஒவ்வொன்றும் என் கையில் வெளிச்சத்துக்கு வந்தவை. வெல்ல அடுப்புக்குப் போவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பூங்கொடியம்மா கோபத்தோடுதான் சன்னல்களைச் சுற்றி நடந்தார். ஒரு வேம்புச் சன்னல் பக்கத்தில் நின்றார். குனிந்து தொட்டார்.

"இதுல எண்ண போட்டா என்ன நெறம் வரும்?"

"தண்ணி ஊத்திப் பாத்தாத் தெரியுமுங்க" என்றேன். ஒரு வாளித் தண்ணீரைக் கொண்டு வந்து துணியில் நனைத்துத் துடைத்தேன். தூசி படிந்து மங்கிக் கிடந்த வேம்பு குபீரென்று சிவந்தது. வாகையைத் துடைத்தேன். அது காப்பிக்கொட்டை நிறத்துக்குப் போனது. பூவரசு அதைவிட ஆழம்.

அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மாறியதை நான் பார்த்தேன்.

"எல்லாத்தையும் வெளிய எடுங்க" என்றார். "வெய்யில்ல தரையில பரப்புங்க."

முப்பதையும் எடுத்துப் போட்டோம். ஒவ்வொன்றையும் நனைத்தோம். அவர் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு நடுவில் இறங்கினார். "இத அங்க வெய்ங்க. இது இதுக்குப் பக்கத்துல. இல்ல இல்ல, அது இன்னும் எச்சா செவப்பு, தள்ளி வெய்ங்க." ராசாத்தியும் நானும் ஆளுக்கொரு பக்கம் தூக்கி ஓடினோம். அவரும் ஒரு முனையைப் பிடித்தார். ஒரு மணி நேரம் போல இப்படி இழுத்தடித்துவிட்டு, யார்டில் நின்ற டெம்போவின் பின்பக்கத்தில் ஏறி நின்று பார்த்தார்.

"எல்லாரும் இங்க ஏறி வாங்க" என்றார்.

ஏறினோம். கீழே தரையில், இடது ஓரத்தில் தேக்கு வெளிர் தேன் நிறத்தில் ஆரம்பித்து, அடர்ந்த தேனாகி, வேம்பின் சிவப்பாகி, வாகையாகி, வலது ஓரத்தில் பூவரசின் இருட்டில் போய் முடிந்தது. எங்கும் வெட்டித் தெரியவில்லை. அடுப்பில் பாகு காய்வதை முதலிலிருந்து கடைசி வரை ஒரே நேரத்தில் பார்த்த மாதிரி இருந்தது.

"நூலுக்குச் சாயம் போடறப்ப ஒரே நெறத்துல வெளுப்புலருந்து கறுப்பு வரைக்கும் ஷேடு எடுப்போமுங்க" என்றார் பூங்கொடியம்மா. "எங்க ஊட்டுல ஷேடு கார்டு இல்லாத செவுரே கெடையாது. முப்பதும் தேக்கா இருந்திருந்தா இது எனக்குக் கெடச்சிருக்குமா? சும்மா ஒரு மரச் செவுரு. அவ்வளவுதான்."

அப்புறம் அக்காவைப் பார்த்தார். "நீங்க சாயத்த அடிச்சு மறைச்சிருக்கலாமுங்க."

"அடிச்சிருந்தா மறுக்கா பெயிண்டுதானுங்களே" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்துவிட்டோம். கனகராஜ் மட்டும் தரையைப் பார்த்துச் சிரித்தான்.

6. திறப்பு

அதற்கப்புறம் வேலை பறந்தது. சன்னல்களின் பின்னால் கனகராஜ் எண் போட்டான். வரிசை மாறாமல் டெம்போவில் ஏற்றிக் குமாரபாளையம் கொண்டுபோய், ஷோரூம் சுவரில் இரும்புச் சட்டம் அடித்து ஒவ்வொன்றாக ஏற்றினோம். பதினோரு சன்னல்கள் படுத்தன, துண்டுகளுக்கு. ஆறில் முகம் பார்க்கும் கண்ணாடி. மற்றவற்றில் பலகை அடுக்கு. மீந்த சன்னல் கதவுகளில் கனகராஜ் சாவி மாட்டும் பலகையும் குட்டி டீப்பாயும் செய்தான். கொண்டியை மட்டும் அப்படியே விட்டான். அதில் பை மாட்டிக்கொள்ளலாம்.

திறப்பு அன்று வந்தவர்கள் துணியைப் பார்க்கும் முன்னால் சன்னலைத்தான் தொட்டுப் பார்த்தார்கள். ஒவ்வொரு கதவையும் திறந்து மூடினார்கள். ஒரு அம்மா சன்னலுக்குள் இருந்த கண்ணாடியில் தலையைச் சரிசெய்துகொண்டே, "இந்தக் கண்ணாடி என்ன வெலைங்க?" என்று கேட்டார். "அது விக்கறதுக்கில்லீங்க. வேணுமுன்னா செஞ்சவுங்க இங்கதான் இருக்காங்க" என்று பூங்கொடியம்மா எங்களை முன்னால் இழுத்துவிட்டார். அந்த ஒரு நாளில் ஒன்பது வீட்டுக்கு ஆர்டர் வந்தது. பட்டுச் சேலையில் வந்திருந்த அக்கா திரும்பும்போது டெம்போவில் என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, வந்த ஆர்டர்களை விரல் விட்டு எண்ணினார். அப்புறம் சொன்னார், "நல்லமுத்தண்ணா, நமக்குன்னு ஒரு கம்ப்ரசர் பாருங்க. சின்னதா. சத்தம் கம்மியா."

இப்போது எங்கள் யார்டிலிருந்து ஒரு சன்னலும் அடுப்புக்குப் போவதில்லை. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற பிள்ளைகள் அடிக்கடி வந்து பார்க்கிறார்கள். கன் எப்படிச் செய்வது, சக்கையை எந்தப் பதத்துக்கு அரைப்பது என்று எல்லாம் மறைக்காமல் சொல்லித் தருகிறேன். மாஸ்க் இல்லாமல் உள்ளே போகாதீர்கள், காதை மூடிக்கொள்ளுங்கள் என்றும் சொல்கிறேன். ஆனால் நான் உண்மையில் கற்றுக்கொண்டது ஒன்றுதான். பெயிண்ட் உரியும் முன்னால் மரத்தின் பெயரை வாடிக்கையாளரிடம் சொல்லாதீர்கள். தப்பாகச் சொல்லிவிட்டால் அன்றைக்கே போன் செய்து உடைத்துச் சொல்லிவிடுங்கள். அந்த ஒரு போனால்தான் எங்களுக்கு இந்தத் தொழிலே கிடைத்தது.

போன வாரம் ராசிபுரம் பக்கம் ஒரு வீட்டிலிருந்து புது லோடு வந்தது. வெள்ளைப் பெயிண்ட் அடித்த சன்னல்கள். இப்போது கன் பிடிப்பது ராசாத்திதான், என்னைவிட அவளுக்குக் கை நிதானம். வழக்கம்போல வேலை தொடங்கும் முன்னால் ஆளாளுக்குப் பந்தயம் கட்டினோம். நான் வேம்பு என்றேன், கனகராஜ் தேக்கு என்றான், அக்கா பூவரசு என்றார். ராசாத்தி உள்ளே போய் முதல் கோட்டை இழுத்தாள். காற்றுச் சத்தம் நின்றது. தார்ப்பாயை விலக்கித் தலையை நீட்டினாள்.

"அக்கா, ஓடியாங்க! மஞ்சளா வருதுங்க்கா!"

டீ கிளாஸை அப்படியே வைத்துவிட்டு எல்லோரும் ஓடினோம். அரைத்து வைத்த மஞ்சள் மாதிரி ஒரு கோடு, வெள்ளைக்கு நடுவில் எரிந்துகொண்டிருந்தது. கனகராஜ் குனிந்து மோந்து பார்த்தான்.

"பலா" என்றான். "கொல்லிமலைப் பலாங்க. இந்த நெறம் நம்ம யார்டுக்கு இதுவரைக்கும் வந்ததேயில்ல. மொத்த லோடும் பலாவா இருந்தா..."

அவன் முடிக்கவில்லை. ராசாத்தி மாஸ்க்கை மாட்டிக்கொண்டு, எங்களை வெளியே போகச் சொல்லிக் கையைக் காட்டினாள்.